பளபளக்கும் நட்டும் பழுதான கீல் போல்ட்டும்

பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், சென்னைத் துறைமுகத்தில் எங்கள் பாய்மரப் படகைக் கரையேற்றியபோது, உடற்பகுதியும், படகு கவிழாமலிருக்க அதன் அடியில் போல்ட்டுகளால் பொருத்தப்படும் கனமான கீலும் சேரும் இடத்தில் தலைமுடி அளவே இருந்த விரிசலிலிருந்து செம்பழுப்பு நீர் கசிவதைக் கண்டேன். படகினுள் அடிப்பள்ளத்தில் தேங்கிய நீரை இறைத்துப் பார்த்தால், அந்தப் போல்ட்டுகளின் நட்டுகளும் வாஷர்களும் கண்ணாடிபோல் மின்னின. அந்த மினுக்கத்தைத்தான் நான் நம்புவதில்லை. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். இணைப்பின் இடுக்கில் காற்றுப்படாமல் தேங்கும் உப்புநீரில் படலம் அழிந்துவிடுவதால், மேல்முனை பளபளக்க, போல்ட்டின் நடுப்பகுதி அரித்துச் சிறுத்துப்போகும். கீல் கழன்றால் படகே கவிழும்: 2014இல் அட்லாண்டிக்கில் கீல் பிரிந்து கவிழ்ந்த 'சீக்கி ரஃபிகி' படகில் நால்வர் உயிரிழந்தனர்.

ஆகவே, முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கிப் பார்ப்பதோடு நிற்காமல், கீலின் எடையைக் கட்டைகளின் மேல் தாங்கவைத்து, ஒரு போல்ட்டையாவது உருவிப் பார்க்கச் சொன்னேன். எங்களுடையது வார்ப்பிரும்புக் கீல் என்பதால் அது முடிந்தது. ஈயக் கீலோடு சேர்த்து வார்க்கப்பட்டவற்றை இப்படி எளிதில் உருவ முடியாது. "நல்லாத்தானே இருக்கு சார்" என்று முணுமுணுத்தபடியே மேஸ்திரி எடுத்துத் தந்த போல்ட்டில், மரைக்குச் சற்றுக் கீழே விரல் நகம் இறங்கும் பள்ளம் இருந்தது. மற்றவற்றையும் கழற்றச் சொன்னபோது அவர் மறுபேச்சு பேசவில்லை.