புல்வாருக்கு உள்ளே நடை, வெளியே பேருந்து: புதுச்சேரியில் சுற்றுவது

புதுச்சேரிக்குப் போகிறேன் என்றவுடன் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, அங்கே சுற்றுவதற்கு ஸ்கூட்டர் எடுப்பதா, காரிலேயே போய்விடுவதா என்பதுதான். ஊரின் எந்தப் பகுதியைப் பார்க்கப் போகிறோம் என்பது தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை எனப் பழைய நகரத்தை முட்டை வடிவில் சுற்றிவரும் சாலைகளை உள்ளூர்க்காரர்கள் புல்வார் என்கிறார்கள். அந்த வளையத்துக்குள் இருக்கும்வரை காலும் சைக்கிளும் போதும். அதைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு.

வளையத்துக்குள் தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் வசமிருந்தபோது வரைந்த கட்ட அமைப்பைத்தான் பின்னர் பிரெஞ்சுக்காரர்களும் பின்பற்றினார்கள். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு மீண்டும் எழுந்த ஊரும் பெரும்பாலும் அதே கட்டங்களின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இங்கே வழி தவறுவது கடினம். எந்தக் குறுக்குத் தெருவில் கிழக்கு நோக்கி நடந்தாலும் கடைசியில் கடல்தான்.

நடப்பவர்களுக்கு நான் சொல்வது, கடலை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் தொடங்கி அங்கேயே முடித்துவிடாதீர்கள் என்பதே. துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று படமெடுப்பவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. ஆனால் அந்த வீடுகள் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் இருப்பவை. தெருவுக்குக் கிடைப்பது பெரிய கதவும் மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கும் காகிதப்பூக் கொடியும் மட்டுமே. இரு பகுதிகளையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைக் கடந்து தமிழர் பகுதிக்கு வந்தால் வீடுகள் தெருவோடு பேசத் தொடங்குகின்றன. வைசியாள் வீதியில் திண்ணைக்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரங்களைப் பழுதுபார்த்து மீட்டிருக்கிறார்கள். சில வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ்க் கட்டுமானமாகவும், மேல்தளம் வளைவுச் சன்னல்களோடு பிரெஞ்சு பாணியிலும் இருப்பதை எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கவனிக்க முடியும். வண்டியில் போகிறவர் கண்ணில் இது படவே படாது.

சைக்கிளுக்கு மிஷன் வீதிப் பக்கம் வாடகைக் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போதே இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பார்ப்பதும், இருக்கையை உயரத்துக்கு ஏற்ப மாற்றித் தரச் சொல்வதும், பூட்டின் சாவி திரும்புகிறதா என்று பார்ப்பதும் நல்லது. மேடே இல்லாத ஊர் என்பதால் கியர் எதுவும் தேவையில்லை. காலை ஒன்பது மணிக்குள் சுற்றி முடித்துவிட வேண்டும். அதன் பிறகு நேரு வீதியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிச் சைக்கிளை ஓட்டுவதைவிடத் தள்ளிக்கொண்டு போவதே விரைவு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியைச் சண்டே மார்க்கெட் நிறைத்துவிடுவதால் அந்தப் பக்கம் எந்த வண்டியோடும் போவதில் பொருளில்லை.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்களுக்கு நடுவே காந்தி சிலை எனச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே உரியதாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஊர் எடுத்த முடிவுகளில் இதற்கு நிகர் வேறில்லை.

லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, கோரிமேடு என்று வெளியே போக வேண்டுமென்றால் உள்ளூர் மக்களின் வழி, ஷேர் ஆட்டோ போல ஆள் ஏற்றிச் செல்லும் டெம்போதான். அஜந்தா சிக்னல் பக்கம் நின்று கை காட்டினால் நிற்கும்; உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். இன்னும் தொலைவு என்றால் மறைமலையடிகள் சாலையிலுள்ள பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து விழுப்புரம் சாலையில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலுக்கு அடிக்கடி பேருந்து உண்டு. (பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த தேர் அந்தக் கோயிலுடையது, இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார்.) பாகூருக்குப் போகும் பேருந்துப் பயணமோ தனிச் சுவை. புதுச்சேரி ஒரே துண்டு நிலமில்லை என்பதால் இடையில் கடலூர் மாவட்டம் வந்து போகும். எல்லைப் பலகையைத் தேட வேண்டாம்; மதுக்கடைகளும் பெட்ரோல் பங்குகளும் திடீரென நெருக்கமாகத் தென்பட்டால் புதுச்சேரிக்குள் வந்துவிட்டோம் என்று பொருள்.

காருக்கு உண்மையான வேலை ஊசுடு ஏரிக்கும் ஆரோவில்லுக்கும் போகும்போதுதான், அதுவும் குழந்தைகளும் பெரியவர்களும் உடனிருந்தால். 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் காரைப் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு, அங்குள்ள தியான மண்டபமான மாத்திர்மந்திரைப் பார்க்கும் இடம்வரை செம்மண் பாதையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். புல்வாருக்குள் காரை எடுத்து வருவது வீண் வேலை; ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றி, நிறுத்த இடம் தேடும் நேரத்தில் பாதி ஊரை நடந்தே பார்த்துவிடலாம். விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

ஞாயிறு மாலை சென்னைக்குத் திரும்பும் வண்டிகளால் சிவாஜி சிலைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை திணறிவிடுகிறது. மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிடலாம். இல்லையென்றால் கடற்கரைச் சாலையில் ஆற அமர நடந்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல் புறப்படலாம். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.