எத்தனை மணி நேரம்னு மட்டும் சொல்லு

“பேப்பர்ல ஓட்டலாம் தம்பி. எத்தனை மணி நேரம்னு மட்டும் சொல்லு.”

இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர் அக்கா கேட்டது இவ்வளவுதான். “இருங்கக்கா, அஞ்சு நிமிஷம்” என்றேன். அது பதிலே இல்லை.

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், வண்டி அனுப்பும் டிஸ்பாட்ச் சர்வரில் டேட்டாபேஸ் தொங்கிவிட்டது. கால் எடுப்பவர் பதிவு செய்வார், வண்டி அனுப்புகிறவர் திரைக்கு அது வராது. வெண்டர் எஞ்சினியர் ஊரில் ஒரு கல்யாண வீட்டில். வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வர அவருக்கு இருந்த வி.பி.என். கணக்கு 90 நாள் தொடாமல் கிடந்ததால் தானாக முடங்கியிருந்தது. அதைத் திறந்துவிடும் ஆள் காலை ஒன்பதுக்குத்தான் வருவார். ஆக, வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலில் ஒரு தற்காலிக ரூல்: தொலைவிலிருந்து கணினியை இயக்கும் 3389 என்ற போர்ட், அதாவது நுழைவாயில், வெளியிலிருந்து நேரே டிஸ்பாட்ச் சர்வருக்கு. எஞ்சினியரின் ஐ.பி.யை, அதாவது இணைய முகவரியை, மட்டும் அனுமதித்து இரண்டு முறை பார்த்தாயிற்று. அவர் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்ததால் ஐ.பி. மாறிக்கொண்டே இருந்தது, இரண்டு முறையும் அறுந்தது. மூன்றாவது தடவை ‘சோர்ஸ்’ கட்டத்தில் ‘எனி’ என்று போட்டேன், எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்று.

அப்போது மணி ஒன்று. நாற்பது நிமிடத்தில் டேட்டாபேஸ் எழுந்துவிட்டது. ரூலை எடுத்தது காலை பத்து மணிக்கு.

ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் விசாரணை, மெமோ என்று ஒரு முடிவாவது வந்திருக்கும். எடுக்கும்போது சர்வரின் செக்யூரிட்டி லாக்கைப் பார்த்தேன். 4625, அதாவது தோற்றுப்போன லாகின், பக்கம் பக்கமாக ஓடியது. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’, ‘அட்மின்’, ‘பேக்கப்’, ‘ஸ்கேனர்’ என்று யாரோ வரிசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ என்ன, ஏதோ ஒரு ஸ்கிரிப்ட். அது ஆம்புலன்ஸ் சர்வர் என்றுகூட அதற்குத் தெரிந்திருக்காது. வெற்றி பெற்ற 4624, வகை 10, அதாவது தொலைவிலிருந்து உள்ளே வந்த லாகின், எஞ்சினியருடையது மட்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தை இந்த வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் அங்கே 911 என்ற அவசர உதவி எண்ணின் டிஸ்பாட்ச் அமைப்பில் ஏதோ கோளாறு. அதைப் பார்த்த டெக்னீஷியன் ஃபயர்வாலில் கை வைக்க, ஒரு போர்ட் சுமார் 24 மணி நேரம் திறந்தே கிடந்தது. அதன் வழியே ரேன்சம்வேர், கணினியை முடக்கிப் பணம் கேட்கும் மென்பொருள், இறங்கியது. ஞாயிறு காலை எட்டரை வாக்கில் கண்டுபிடித்தார்கள். கணினி திரும்பியது திங்கள் அதிகாலை இரண்டு மணிக்கு. அதுவரை கால்கள் வந்துகொண்டுதான் இருந்தன, தகவலைத்தான் கணினி இல்லாமல் ஆட்களே கைமாற்றிக் கொடுத்தார்கள். அந்த டெக்னீஷியனும் அவசரத்தில் நல்லது செய்யப் போனவர்தான். நம் ரூல் திறந்திருந்தது ஒன்பது மணி நேரம். 24-ஐ விடக் குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

சரி, பேப்பரிலேயே விட்டிருந்தால்? எட்டு மணி நேரம். படிவத்தில் முதலில் இடம், அடுத்து திரும்பக் கூப்பிட எண், மூன்றாவதுதான் என்ன நடந்தது என்பது. நேரத்தை எல்லோரும் ஒரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும், கைக்கடிகாரம் கூடாது. படிவ எண்ணுக்கு முன்னால் ‘பே’ என்று போட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கணினியில் ஏற்றும்போது பழைய எண்களோடு மோதும். ஒரே விபத்துக்கு ஐந்து பேர் கூப்பிட்டால் ஐந்து மேசையில் ஐந்து படிவம், இரண்டு வண்டி. போர்டில் வண்டி காந்தத்தை ‘ஃப்ரீ’ பக்கம் நகர்த்த ஒருவர் மறந்தால் அந்த வண்டி அன்றைக்கு இல்லாத மாதிரிதான். மேப் கிடையாது. “பிள்ளையார் கோயில் பக்கத்துல” என்று எழுதியிருக்கும். எந்தப் பிள்ளையார் என்று வண்டி ஓட்டும் பைலட் போனில் கேட்பார். இந்தப் பயிற்சி எங்களுக்கு வருடம் ஒரு முறை, அதுவும் பகல் ஷிஃப்டுக்கு. அதனால் திறந்தது சரி என்றே அப்போது பட்டது. ‘எனி’ போட்டது சரியில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்றால், அந்த ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு முடிந்திருக்காது.

பிறகு தற்காலிக ரூல் எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரக் கெடு வைத்தேன், தானாக மூடிக்கொள்ளும். ஒரு தடவை மென்பொருளைத் திருத்தும் பேட்ச் கோப்பு பாதி ஏறியிருந்தபோது மூடிக்கொண்டது, மறுபடி முதலிலிருந்து. அதிலிருந்து வெண்டர் எடுத்த எடுப்பிலேயே 24 மணி நேரம் கேட்கிறார். அனுமதிக் கையெழுத்துப் போடுகிறவரும் கொடுத்துவிடுகிறார்.

போர்ட்டைக் கட்டிக்கொண்டு அழுவதிலும் எவ்வளவு அர்த்தம் என்று தெரியவில்லை. 2023 மே 3 அன்று அதே அமெரிக்காவின் டல்லஸ் நகரின் டிஸ்பாட்ச் கணினி ரேன்சம்வேரில் விழுந்து, கால்களைக் கையால் எழுதி ரேடியோவில் சொல்ல வேண்டி வந்தது. உள்ளே வந்தவர்கள் ஏப்ரல் 7-ஆம் தேதியே வந்துவிட்டார்கள், களவாடிய ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் மூலமாக, அதாவது ஆளுக்கு இல்லாமல் மென்பொருளுக்கென்று வைத்த கணக்கு. அதைப் படித்துவிட்டு நம் சர்வரின் சர்வீஸ் அக்கவுண்டைப் பார்த்தேன். மொத்த நெட்வொர்க்கையும் ஆளும் டொமைன் அட்மின் உரிமை, ‘பாஸ்வேர்டு காலாவதி ஆகாது’ என்ற டிக், இரண்டும் இருந்தன. நிறுவிய நாளிலிருந்து அப்படித்தான். அதை மாற்றச் சொன்னால் எந்தெந்த சர்வீஸ் நின்றுபோகும் என்று வெண்டருக்கே பட்டியல் இல்லை.

அன்று காலை அக்காவிடம், “ரூலை எடுத்துட்டேன்” என்றேன். “எந்த ரூல்?” என்றார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான். அவர் முன்னால் இருந்த கேள்வி பேப்பரா கணினியா என்பது. என் முன்னால் இருந்ததோ பேப்பரா திறந்த போர்ட்டா என்பது. என் கேள்வியை அவரிடம் வைக்கவே இல்லை.

ஷிஃப்ட் மாறும்போது அந்த நாற்பது நிமிடத்துப் படிவங்களை அடுக்கி க்ளிப் போட்டுக் கொடுத்தார். பதினொன்று. எல்லாவற்றுக்கும் வண்டி போயிருந்தது. ஒன்றில் மட்டும் நேரம் எழுதவில்லை.