வடம் பிடிக்கிறவர்களுக்கு: அரோகராவை எப்போது சொல்வது?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு வெளியூரிலிருந்து வருகிற பலர், வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியதோடு நிற்பதில்லை, இழுக்கவும் ஆசைப்படுவார்கள். நல்லது. ஆனால் கை வைக்கமுதல், அரோகராவை யார் எடுக்கிறார், எந்த இடத்தில் எடுக்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

நிற்கிற தேரை அசைப்பதுதான் பெரும்பாடு. உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு பலம் வேண்டியதில்லை. அந்த முதல் இழுவைக்கு ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம் துள்ளுமே தவிர சில்லு அசையாது. முன்னுக்கு நிற்பவர் “பெருமானுக்கு…” என்று நீட்டும்போது இழுக்கக் கூடாது. அது மூச்செடுக்கிற நேரம். வடத்தின் தொய்வை எடுத்து, காலை ஊன்றிக்கொள்கிற நேரம். “அரோ” என்று எல்லாரும் சேரும்போது உடம்பு முன்னுக்குச் சாயும். “கரா”வில் பலம் முழுவதும் இறங்கும். அந்த ‘ரா’வில் வாய் அகலத் திறப்பதால் மூச்சு அடைபடாது, சத்தமும் கடைசி ஆள்வரை போகும். வாயை மூடிக்கொண்டு முக்குகிறவர்கள்தான் முதலில் களைக்கிறார்கள்.

ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். 50 மீற்றர் வடத்தின் ஒரு முனையில் எழும் குரல் மறுமுனைக்கு ஏழில் ஒரு பங்கு செக்கன் பிந்தியே சேரும். குரல் எடுப்பவர் வடத்தின் நடுவில் நின்றால் இந்தப் பிந்தல் பாதியாகும். ஒலிபெருக்கியில் அரோகரா எடுப்பது இன்னும் மோசம். 100 மீற்றர் தள்ளிக் கட்டிய குழாயிலிருந்து வருவது 0.3 செக்கன் பிந்தும். பக்கத்துக் குரலைக் கேட்டவர் இழுத்து முடிக்க, குழாயைக் கேட்டவர் அப்போதுதான் தொடங்குவார். தேர் நகரும் நேரத்திலாவது ஒலிபெருக்கியை நிறுத்தி வைப்பதே புத்தி.

பக்தி மேலிட்டு ஓரத்தில் நிற்கிறவர் தன்பாட்டில் அரோகரா எடுப்பதுதான் உண்மையான ஆபத்து. சில்லுக்குக் கட்டை போடுகிறவரின் கை அந்த நேரம் சில்லடியில் இருக்கலாம். வடத்தில் நிற்பவர்களுக்கு அது தெரியாது. குரல் கேட்டால் இழுத்துவிடுவார்கள். கட்டையை எடுத்தவர் விலகிக் கை காட்டிய பிறகே குரல் எழ வேண்டும். நிறுத்துவதற்கும் கைச்சைகைதான், அந்த இரைச்சலில் “நில்லுங்கோ” எடுபடாது. மூலையில் திருப்பும்போது வெளிப்பக்க வடம்தான் கூட இழுபடும், உள்வடம் தொய்ந்திருக்கும். அங்கே குரலும் குறுகிக் குறுகி வரும். முதல்நாள் மழை பெய்திருந்தால் சில்லு புதையும். அப்போது ஒரே நீண்ட இழுவையைவிட இரண்டு மூன்று குறுகிய இழுவைகளே சில்லைக் கிளப்பும்.

முல்லைத்தீவுக் கரைவலைக்காரர் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு இதற்கு உறவுதான், ஆனால் போக்கு வேறு. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் “ஏலேலோ” என்பார்கள். வலை தேர்போல நின்று நின்று வருவதில்லை. கடல் திரும்ப இழுக்கும். அதனால் பாட்டுக்கு இடைவெளி கிடையாது, அடி ஒரே சீராகப் போகும். உழவு இயந்திரத்தால் வலை இழுக்கிற இடத்தில் அம்பாவுக்கு வேலை இல்லை.

அந்தக் கடலிலிருந்து தீர்த்தமெடுத்துத்தான் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். அதையடுத்து வருவது நந்திக்கடலோரத்து வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசித் திங்கட்கிழமைப் பொங்கல். அங்கே கூட்டம் முழுவதற்கும் ஒரே குரல் கிடையாது. ஒவ்வொரு காவடியும் தன் மேளத்துக்கு ஆடும். பக்கத்தில் நின்று அரோகரா சொல்வதானால் அந்த மேளத்தின் அடியோடு சொல்லுங்கள். காவடிக்காரரின் முதுகில் குத்திய செடில் கொக்கிகளின் கயிற்றைப் பிடித்து வருகிறவர் ஆட்டத்தின் வேகத்தை அந்த அடியில்தான் கணிக்கிறார். அடி குழம்பினால் கயிறு வெட்டி இழுபடும், முதுகுத் தோல் கிழியும்.