கோட்டிங்கனில் ஜெர்மானிஸ்டிக் படிக்கிறேன்

பொறியியல் மேற்படிப்புக்காகவோ செவிலியர் வேலைக்காகவோ ஜெர்மனி வர எண்ணி, சென்னையிலும் கோவையிலும் ஜெர்மன் வகுப்புகளுக்குச் செல்பவர்கள் இன்று ஏராளம். அவர்களில் சிலர், கற்கத் தொடங்கிய மொழியின் மீதே பிடிப்பு ஏற்பட்டு, அதையே பட்டப்படிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது எழுதிய பதில்களை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் படிக்கும் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் ஆராயும் இந்தப் படிப்பின் பெயர் ஜெர்மானிஸ்டிக். மொழியைக் கற்றுத் தருவது இதன் வேலை அல்ல. டெஸ்ட்டாஃப் போன்ற ஒரு ஜெர்மன் மொழித்தேர்வில் ஏறக்குறைய சி1 என்னும் உயர்நிலையில் தேறிய பிறகுதான் உள்ளேயே வர முடியும். வகுப்பில் உடன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பலர் பள்ளி ஆசிரியராகப் போகிறவர்கள். இளங்கலைக்கு 6 பருவங்கள், 180 கிரெடிட் புள்ளிகள். கோட்டிங்கனில் இதனோடு இன்னொரு பாடத்தையும் இணையாக எடுக்க வேண்டும். நவீன இலக்கியம், இடைக்கால இலக்கியம், மொழியியல் என்று பாடம் மூன்று கிளைகளாகப் பிரியும்.

வெளிநாட்டு மாணவர்கள் அஞ்சுவது இடைக்காலப் பகுதியைக் கண்டுதான். நானோ அதைத்தான் முதலில் விரும்பத் தொடங்கினேன். 1200ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட நீபெலுங்கன் காவியத்தின் ஜெர்மன் இன்றைய ஜெர்மானியருக்கு நேரடியாகப் புரியாது. அகராதியும் இலக்கண நூலும் துணைக்கு இல்லாமல் அவர்களாலும் ஒரு செய்யுளைக் கடக்க இயலாது. ஆகவே அந்த வகுப்பில் மட்டும் அவர்களும் நாமும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறோம். காவியத்தின் ஆசிரியர் யாரென்று தெரியாது. முதன்மையான மூன்று சுவடிகள் மியூனிக், சாங்க்ட் காலன், கார்ல்ஸ்ரூ ஆகிய ஊர்களில் இருக்கின்றன. அவற்றின் பாடபேதங்களை அருகருகே வைத்து, ஒரே செய்யுளில் ஒரு வகுப்பு முழுவதும் கழிவதுண்டு. கணவனைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் கிரீம்ஹில்டிடம் கார்ல்ஸ்ரூ சுவடி மற்றவற்றைவிடப் பரிவு காட்டுகிறது. கொன்ற ஹாகன் மீது பழியைக் கூடுதலாகச் சுமத்துகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், கதைமாந்தரின் நியாயத்தைத் தாமே தீர்மானித்துக்கொண்டு அடிகளை மாற்றியிருக்கிறார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களுள் முக்கியமானவர்களான, நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். 1837இல் ஹனோவர் மன்னர் எர்ன்ஸ்ட் ஆகுஸ்ட் அரசியலமைப்பை ரத்து செய்தபோது எதிர்த்துக் கையெழுத்திட்ட ஏழு பேராசிரியர்களில் இருவர் அவர்கள். எழுவரும் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். யாக்கோப் கிரிம் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். வேலை இழந்த அந்தச் சூழலில்தான், 1838இல், ஜெர்மன் பேரகராதியைத் தொகுக்க ஒப்புக்கொண்டார்கள். முதல் தொகுதி 1854இல் வந்தது. 1863இல் யாக்கோப் இறந்தபோது வேலை 'எஃப்' எழுத்தைத்தான் எட்டியிருந்தது. பின்னர் நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்திலும் கிழக்கு பெர்லினும் கோட்டிங்கனும் சேர்ந்து உழைத்து, 1961இல் 32 தொகுதிகளாக அதை முடித்தன.

இந்தப் பெருமையோடு இன்னொன்றையும் இங்கே படித்தாக வேண்டும். 1933 மே 10 அன்று ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் நாஜி ஆதரவு மாணவர்கள் தங்களுக்கு ஒவ்வாத நூல்களை எரித்தார்கள்; கோட்டிங்கனிலும் எரித்தார்கள். எரிப்பதற்கு முன் பல்கலைக்கழக அரங்கில் உரையாற்றியவர் கெர்ஹார்ட் ஃபிரிக்கே என்ற ஜெர்மானிஸ்டிக் அறிஞர். போருக்குப் பின் அவர் மீண்டும் பேராசிரியரானார்; ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் படைப்புகளை ஐந்து தொகுதிகளாக இணைந்து பதிப்பித்தார். நூலகத்தில் அந்தத் தொகுதிகளை எடுத்துப் படித்துக் குறிப்பெடுத்து, கட்டுரையின் அடிக்குறிப்பில் பதிப்பாசிரியர் பெயரை எழுதியபோதுதான், அந்தப் பெயரை வேறொரு பாடத்தில் நூலெரிப்பு உரையோடு சேர்த்துக் கேட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. நல்ல இலக்கியத்தில் வாழ்நாள் முழுதும் தோய்ந்திருப்பது ஒருவரை நல்லவராக்கிவிடும் என்று நம்பித்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். இப்போது அப்படிச் சொல்ல என்னால் முடியாது. இலக்கியத்தைப் படிப்பவர் தம் துறையின் வரலாற்றையும் கூசாமல் படிக்க வேண்டும் என்றே சொல்வேன். 1966இல் மியூனிக்கில் நடந்த ஜெர்மானிஸ்டிக் மாநாட்டில்தான் இத்துறை தன் நாஜிக் காலத்தைப் பொதுவெளியில் விசாரிக்கத் தொடங்கியது. போர் முடிந்து இருபதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அந்தத் தாமதமும் பாடத்தில் வருகிறது.

ஜெர்மன் இலக்கியம் என்பது ஜெர்மனி நாட்டின் இலக்கியம் மட்டும் அல்ல என்பதையும் சேருமுன் அறிந்துகொள்ளுங்கள். எழுத்தாளர் காஃப்கா இன்றைய செக் நாட்டின் பிராகாவைச் சேர்ந்தவர். கவிஞர் பால் செலான் இன்று உக்ரைனில் உள்ள செர்னோவிட்ஸில் பிறந்த யூதர். பெற்றோரை நாஜிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்த பிறகும், பாரிஸில் குடியேறிய பிறகும், கவிதையை ஜெர்மனிலேயே எழுதினார். அவருடைய கவிதைகளை வகுப்பில் வாசித்த வாரங்களில் வேறெதையும் நான் சரியாகப் படிக்கவில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில்: கணினித்துறை போலக் கிடைக்காது. ஆசிரியப்பணி, மொழிபெயர்ப்பு, பதிப்பகம், ஆவணக்காப்பகம், ஆய்வு ஆகியவைதான் வழிகள். ஆனால் தமிழ் தெரிந்த ஜெர்மானிஸ்டிக் மாணவருக்கென்றே காத்திருக்கும் வேலை ஒன்று உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும், தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் இருக்கின்றன. அந்தக் கடிதங்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ளவை. இன்றைய ஜெர்மானியர் பலராலும் அவற்றை வாசிக்க இயலாது. அந்தக் கையெழுத்தையும் தமிழையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கார்ல் கிரவுல் 1856இல் வெளியிட்ட திருக்குறள் ஜெர்மன் மொழிபெயர்ப்பை மூலத்தோடு வைத்துப் பார்ப்பதையே என் இளங்கலை ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, கோட்டிங்கன் இருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தில் 2014 முதல் கல்விக்கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை செலுத்தும் தொகை மட்டும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் பலருக்கு நேரடிச் சேர்க்கை கிடைப்பதில்லை என்பதால், விண்ணப்பிக்குமுன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். அதற்கு முன்பாக, ரெக்லாம் பதிப்பகத்தின் மஞ்சள் அட்டைச் சிறுநூல்களில் ஒன்றை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை மொழிபெயர்ப்பின் துணையின்றிப் படியுங்கள். முடித்ததும் இரண்டாவது நூலைத் தேடத் தோன்றினால் விண்ணப்பிக்கலாம்.