பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள்

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாரத்தில் இரண்டே பி.டி. பீரியட். அதிலும் ஒன்றைப் பெரும்பாலும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் ஆட்டமும் வேண்டுமாம். குதிப்பது, நொண்டியடிப்பது, கயிறு தாண்டுவது எல்லாம் அதில் சேரும். ஒற்றைக் காலில் நிற்பது, பந்தைப் பார்த்துப் பிடிப்பது இதெல்லாம் பழக இதுதானே வயது!

பெரம்பூரில் மைதானத்துக்கு இடம் குறைவு, சரி. பாண்டி ஆட வராண்டா போதுமே. வெயில் என்றால் காலை முதல் பீரியடிலேயே விடலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எப்படி?