அம்மாவின் பெயரில் எவ்வளவு இருக்கிறது?

பிள்ளைகளையும் மாமியாரையும் கவனித்துக்கொண்டு முப்பது வருடம் வீட்டோடு இருந்த ஒரு பெண்ணின் சிபிஎஃப் கணக்கை, அதாவது சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை, திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த நாலைந்து வருடப் பணம்தான் வட்டியோடு கிடக்கும். வயதான காலத்தில் மாதாமாதம் அவர் கைக்கு என்ன வரும் என்பது அந்தத் தொகையைப் பொறுத்தது. கணவரின் கணக்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் அது கணவருடையது.

இதைச் சரிசெய்ய இன்றைக்கு இருக்கும் நல்ல வழி 'மேட்ச்டு ரிட்டயர்மென்ட் சேவிங்ஸ் ஸ்கீம்', அதாவது நீங்கள் போடும் தொகைக்கு அரசாங்கம் ஈடு கொடுக்கும் திட்டம். 2021இல் வருடத்துக்கு 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று தொடங்கியது, 2025 முதல் 2,000 ஆகியிருக்கிறது. நீங்கள் அம்மாவின் சிபிஎஃப் ஓய்வுக்காலக் கணக்கில் 2,000 வெள்ளி போட்டால் அரசாங்கமும் 2,000 போடும். வாழ்நாளுக்கு 20,000 வரை தரும். பத்து வருடம் விடாமல் போட்டால் கணக்கில் 40,000 சேரும், வட்டி தனி.

அம்மா சிங்கப்பூர்க் குடிமகளாக, பொதுவாக 55 வயதைத் தொட்டவராக இருக்க வேண்டும், நிரந்தரவாசிகளுக்குக் கிடையாது. ஓய்வுக்காலச் சேமிப்பு சிபிஎஃப் நிர்ணயிக்கும் அடிப்படைத் தொகைக்குக் கீழே, சராசரி மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மிகாமல், வசிக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு (ஒரு வருடத்துக்கு வரக்கூடிய வாடகையின் மதிப்பீடு) 21,000க்கு மிகாமல், சொத்து ஒன்றுக்கு மேல் இல்லாமல் இருக்க வேண்டும். மகனின் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) முகவரிக்கு அடையாள அட்டையை மாற்றியதாலேயே தகுதி போய்விடலாம். விண்ணப்பம் எதுவும் வேண்டாம். தகுதி வருடா வருடம் தானாகவே பார்க்கப்படும். அம்மாவின் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்) வழியாக சிபிஎஃப் கணக்கில் நுழைந்து பார்த்துவிட்டே பணம் போடுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். கணவர் தன் சிபிஎஃப்பிலிருந்து மாற்றிவிடுவார். ரொக்கத்துக்கு மட்டும்தான் ஈடு கிடைக்கும். அக்கா 2,000, தம்பி 2,000 என்று பேசிக்கொள்ளாமல் போடுவார்கள். எத்தனை பேர் போட்டாலும் வருடத்துக்கு 2,000தான் ஈடு. டிசம்பர் 31 தாண்டினால் அந்த வருடத்து வாய்ப்பு போயிற்று. மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 167 வெள்ளி போட்டு வாருங்கள். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் அவசரத்துக்கு வைத்திருக்கும் காசைத் தொடாதீர்கள். அரசாங்கத்தின் பங்கு மறுவருடத் தொடக்கத்தில் வரும்.

55 ஆகாதவர்களுக்கு வேறொரு கசிவு இருக்கிறது. கேட்டரிங் சமையலறை, பூக்கடை, டியூஷன் சென்டர் என்று நம் பெண்கள் பகுதிநேரமாக உழைக்கும் இடங்களில் சம்பளம் கவரில் வரும். "பார்ட்-டைம்தானே, சிபிஎஃப் கிடையாது" என்பார்கள். அது தவறு. மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினாலே முதலாளி கட்ட வேண்டும். 55 வயது வரை அவர் பங்கு 17 விழுக்காடு: 400 வெள்ளி சம்பளத்துக்கு 68 வெள்ளி. 500 வரை தொழிலாளியிடமிருந்து ஒரு காசும் பிடிக்கக்கூடாது. 600 என்றால் முதலாளி 102, நீங்கள் 60.

'ஃப்ரீலான்ஸ்' என்று கையெழுத்து வாங்கிவிட்டதால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது. நேரத்தை அவர் சொல்கிறார், அடுப்பும் பாத்திரமும் அவருடையவை என்றால் நீங்கள் பெரும்பாலும் ஊழியர்தான். சம்பளக் கவரில் தேதியும் தொகையும் எழுதி வையுங்கள். வேலைநேரம் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஒரு மாதத்து சிபிஎஃப் சந்தா மறுமாதம் 14ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 20ஆம் தேதிவாக்கில் கணக்கைப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் முதலாளியிடம் கேளுங்கள், மழுப்பினால் அந்தக் கவர்களோடு சிபிஎஃப் கழகத்திடம் புகார் கொடுங்கள்.