கஞ்சித் தண்ணீர் எப்போது நீலமாகும்? வினை வேகத்தை வீட்டில் அளந்த குறிப்புகள்

வேதிவினையின் வேகம் மாறுவதைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் வினிகரும் சமையல் சோடாவும் போதும். அளப்பதுதான் கஷ்டம். நுரை எப்போது அடங்கியது என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். அதனால் முடிவு நேரத்தைச் சந்தேகமில்லாமல் காட்டும் அயோடின் கடிகார வினையை எடுத்துக்கொண்டேன். 1860களில் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலாளர் ஹார்கோர்ட்டும் கணித அறிஞர் எஸ்ஸனும் வேகத்தை அளக்கப் பயன்படுத்தியதும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடைடும் சேரும் இதே வினைதான். உருவாகும் அயோடினை உடனே மறுபடி அயோடைடாக்க அவர்கள் தயோசல்ஃபேட் சேர்த்தார்கள். வீட்டில் அந்த வேலையை வைட்டமின் சி செய்கிறது.

மருந்துக்கடையிலேயே எல்லாம் கிடைத்துவிட்டது: 3% பெராக்சைடு, புண்ணுக்குப் போடும் 10% பொவிடோன் அயோடின், ஊசியில்லாத சிரிஞ்சு, 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரை வேண்டாம், அதில் சோடா கலந்திருக்கும். மாவுச்சத்துக்குச் சாதம் வடித்த கஞ்சியே போதும், தண்ணீர் விட்டு வடிகட்டிக்கொண்டேன்.

மாத்திரையைப் பொடித்து 60 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 5 மில்லிக்கு 10 மில்லி அயோடின் என்ற கணக்கில் கலந்தால், அடர் பழுப்பு நிறம் கண்ணெதிரே காணாமல் போகும். இது முதல் திரவம். 15 மில்லி பெராக்சைடு, ஒரு கரண்டி கஞ்சி, மிச்சத்துக்குத் தண்ணீர், இது இரண்டாவது. இரண்டும் சேர்ந்து 150 மில்லி. கலந்தவுடன் கைப்பேசியில் நொடி எண்ணத் தொடங்குவேன். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. கிளாஸுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைக்கூடப் படிக்கலாம். அப்புறம் சட்டென்று முழுவதும் மை நீலம். இடையில் இளநீலம், வெளிர்நீலம் என்று எதுவும் கிடையாது.

உள்ளே இரண்டு வினைகள் நடக்கின்றன. பெராக்சைடு மெதுவாக அயோடைடை அயோடினாக்குகிறது. வைட்டமின் சி அந்த அயோடினை உடனுக்குடன் மறுபடி அயோடைடாக்கிவிடுகிறது. வைட்டமின் சி தீர்ந்ததும், அடுத்து உருவாகும் அயோடின் மாவுச்சத்தோடு சேர்ந்து நீலமாகிறது. ஆக, நாம் எண்ணும் நொடிகள் அந்த மெதுவான வினையின் வேகத்தைச் சொல்கின்றன.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன். முதல் திரவத்தை ஒரே பாட்டிலில் மொத்தமாகக் கலந்து, அன்றைக்கே பிரித்துப் பயன்படுத்துங்கள். 5 மில்லியில் இருக்கும் வைட்டமின் சி ஏறக்குறைய 83 மில்லிகிராம். அதில் 70 வரை பழுப்பு நிறத்தைப் போக்கவே செலவாகிவிடும். கடிகாரம் ஓடுவது மீதமிருக்கும் பத்துப் பதினைந்து மில்லிகிராமை வைத்துத்தான். ஒவ்வொரு முறையும் தனித்தனியாக அளந்து, வைட்டமின் சி கரைசல் அரை மில்லி கூடிப்போனால் நேரம் பாதிக்கு மேல் நீண்டுவிடும். மேடையில் அயோடின் கறை பட்டால் அதே வைட்டமின் சி கரைசலைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

செறிவில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பெராக்சைடைப் பாதியாக்கி, அந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்ததும் 45 நொடி 92 ஆனது.

வெப்பநிலையில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். பாடநூல்கள் சொல்லும் 25 டிகிரி அறை, ஏர்கான் போடாத சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் கிடையாது. என் சமையலறையில் 30 டிகிரி, குழாய்த் தண்ணீரும் கிட்டத்தட்ட அதேதான். குளிர்ந்த பக்கத்துக்குப் போக, தேக்கா மார்க்கெட் மீன்கடையில் வாங்கி வந்த ஸ்டைரோஃபோம் பெட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, இரண்டு திரவங்களையும் தனித்தனிக் கிளாஸில் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே கலந்தேன். 10 டிகிரியில் 210 நொடி. 20இல் 96. 30இல் 45. 40இல் 22. அதற்கு மேல் வேண்டாமென்று விட்டேன். சூடு ஏற ஏற மாவுச்சத்து அயோடினைப் பிடித்துவைக்கும் பிடி தளரும், நீலம் வெளிறும்.

உயர்நிலை 3 படிக்கும் அக்கா மகள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "சூடானா மோதல் கூடும்னு எழுதச் சொல்றாங்க. பத்து டிகிரிக்கு மோதல் ரெண்டு மடங்கா ஆயிடுமா சித்தி?" என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! கணக்குப் போட்டோம். 20 டிகிரி என்பது 293 கெல்வின், 30 என்பது 303. மூலக்கூறுகளின் சராசரி வேகம் கெல்வினின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் மோதல் கூடுவது 2 சதவீதம்கூட இல்லை. வேகமோ இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சத்துக்கான காரணம் மோதலின் எண்ணிக்கையில் இல்லை.

1889இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் கொடுத்த விளக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. மோதினால் மட்டும் போதாது, தடையைத் தாண்டும் அளவுக்கு ஆற்றலோடு மோத வேண்டும். நேரங்களின் மடக்கையை 1/கெல்வினுக்கு எதிராக வரைந்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. சாய்விலிருந்து கிடைத்த கிளர்வு ஆற்றல், அதாவது அந்தத் தடையின் உயரம், மோலுக்குச் சுமார் 55 கிலோஜூல். அதை வைத்துப் பார்த்தால், 20 டிகிரியில் பத்தாயிரம் கோடி மோதலுக்குச் சுமார் 13தான் தடையைத் தாண்டும் ஆற்றலோடு நடக்கின்றன. 30இல் 28. இந்த 13, 28 ஆவதுதான் விஷயமே. "மோதல் அதிகமாகும்" என்று மட்டும் எழுதிவிட்டு நகரும் குறிப்புகள் மாணவர்களுக்கு அரைகுறையாகத்தான் சொல்லித் தருகின்றன என்பது என் கருத்து. அவளுடைய குறிப்பேட்டில் இப்போது இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன.

அடுத்தது வினையூக்கி. பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டால் அதிலுள்ள கேட்டலேஸ் நொதி நுரை கிளப்புகிறது, நன்றாக வேகவைத்த துண்டில் அது நடக்கவில்லை. வெளிவரும் ஆக்ஸிஜனை இன்னொரு சிரிஞ்சில் பிடித்து அளக்க ஒரு ரப்பர் குழாய் தேடிக்கொண்டிருக்கிறேன்.